ஓரங்க நாடகத்தின் புதிய முகம்

பாடசாலை மேடைக்கு ஏற்ற புதிய நாடகம் எது என்று ஆசிரிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. அவர்களுக்குள்ள வசதிகளை நான் அறிவேன். நடிக்க முன்வரும் மாணவர் நால்வர் அல்லது ஐவர். வகுப்பறையிலிருந்து தூக்கி வந்த மேசை ஒன்று, கதிரை இரண்டு. ஒத்திகைக்குக் கிடைப்பதோ பாடசாலை விட்ட பின்னர் ஒரு மணித்தியாலம். இவ்வளவுக்குள் நாடகம் அடங்க வேண்டும்; நடிப்போர், பார்ப்போர் ஆகிய இரு சாராரின் சிந்தனையையும் அது கிளறவும் வேண்டும். இத்தகைய நாடகங்கள் உலக அரங்கிலே அண்மைக்காலத்தில் தோன்றியுள்ளனவா என்றால், தோன்றியுள்ளன என்பதே என் விடை. அவற்றுள் ஐந்தினை இக்கட்டுரையில் அறிமுகஞ் செய்ய விரும்புகின்றேன். ஐந்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஐந்தும் தமிழ் மேடைக்கு வரவேண்டியவை என்பது என் துணிபு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நன்று. ஓரங்க நாடகம் என்றதும் நம்மிற் பலரின் நினைவுக்கு வருவன செக்கோவின் 'கரடி', ஜேக்கப்ஸின் கதையைத் தழுவிய 'குரங்கின் பாதம்', ஐரிஷ் நாடகாசிரியர் சிங்கின் 'கடலை நோக்கிச் செல்வோர்' போன்றவையே. இவை முறையே 1888, 1903, 1904ஆம் ஆண்டுகளில் மேடையேறியவை. அக்காலத்து இலண்டன் அரங்குகளில், முழுநீள நாடகம் தொடங்குமுன் ஒரு சிறு நாடகத்தை ஆடிக் காட்டும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கம் மறையவே, ஓரங்க நாடகம் தொழில்முறை அரங்கை விட்டுப் பெரும்பாலும் பாடசாலைகளையும் ஊர் மன்றங்களையும் சென்றடைந்தது, பாடநூல்களில் நிலைத்தது.

அதற்குப் புத்துயிர் தந்தோரில் முதல்வராகச் சாமுவேல் பெக்கற்றைக் கூறலாம். 1969இல் மேடையேறிய அவரது 'மூச்சு' என்னும் நாடகத்திற் பாத்திரமுமில்லை, பேச்சுமில்லை. ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். பின்னர் அமெரிக்காவிலே, கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 1976இல் ஆரம்பமான புதிய நாடக விழா, பத்து நிமிட நாடகம் என்ற வடிவத்தைப் பரவச் செய்தது. சூசன் லோரி பார்க்ஸ் என்னும் அமெரிக்க நாடகாசிரியை 2002 நவம்பரிற் தொடங்கி, ஓராண்டு முழுவதும் நாளொன்றுக்கு ஒரு நாடகமாக 365 குறுநாடகங்களை எழுதினார். அவற்றை 2006, 2007ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குழுக்கள் பகிர்ந்து மேடையேற்றின. பெரிய நாடகத்தின் முன்னே நின்று கூட்டத்தை அமரச் செய்த சின்னஞ்சிறு நாடகம், இவ்வாறு தன்னளவில் ஒரு கலை வடிவமாயிற்று.

பழைய ஓரங்க நாடகத்துக்கும் இன்றைய குறுநாடகத்துக்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் மட்டும் இல்லை. முன்னது ஒரு முழுக்கதையைச் சுருக்கிச் சொல்லும். சிக்கல் தோன்றும், முற்றும், அவிழும். பின்னது கதையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே சொல்லாது விட்டுவிடும். விட்ட இடத்தை நடிப்பவரும் பார்ப்பவரும் தத்தம் அறிவாலும் அநுபவத்தாலும் நிரப்ப வேண்டும். இந்தச் சொல்லாமையே புதிய குறுநாடகத்தின் உயிர் என்பது என் கருத்து. இனி நாடகங்களுக்கு வருவோம்.

மலை மொழி

'மவுன்டன் லாங்குவேஜ்' என ஆங்கிலத்திற் பெயர் பெற்ற 'மலை மொழி', ஹரல்ட் பின்டர் எழுதி 1988இல் இலண்டன் தேசிய அரங்கில் மேடையேறிய நாடகம். ஐந்தினுள்ளும் மூத்தது இதுவே. ஆசிரியர் 2008இல் மறைந்துவிட்டார். எனினும் பின்வந்தோருக்கு வழிகாட்டியாய் நிற்பதால் இதனை முதலில் வைக்கின்றேன். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் ஆடி முடிக்கலாம்.

சிறைச்சாலை மதிலோரம் பெண்கள் மணிக்கணக்கிற் காத்து நிற்கின்றனர். உள்ளே அவர்களுடைய கணவரும் மக்களும் அடைக்கப்பட்டுள்ளனர். மலைநாட்டு மக்களின் மொழி தடைசெய்யப்பட்டுள்ளது என்றும், தலைநகரின் மொழியே பேசப்பட வேண்டும் என்றும் அதிகாரி அறிவிக்கின்றான். தலைநகர மொழி அறியாத முதியவள் ஒருத்தி, தன் மகன் முன்னே அமர்ந்து தன் மொழியிற் பேசுகின்றாள், காவலன் தடுக்கின்றான். இறுதிக் காட்சியில் விதி மாறிவிட்டதென்றும், அவள் தன் மொழியிலேயே பேசலாமென்றும் சொல்லப்படுகின்றது. ஆனால் அவள் பேசவில்லை. மகன் கெஞ்சியும் அவள் வாய் திறக்கவில்லை. நாடகம் அவ்வளவே. அவள் ஏன் பேசவில்லை என்பதற்குப் பின்டர் ஒரு வரியும் விளக்கம் தரவில்லை.

1985இல் அமெரிக்க நாடகாசிரியர் ஆதர் மில்லருடன் துருக்கிக்குச் சென்ற பின்டர், அங்கே குர்திய மொழி அடக்கப்பட்டமை பற்றி அறிந்தார். ஆயினும் தமது நாடகம் குர்துகளைப் பற்றியது மட்டுமன்று என்று அவர் வலியுறுத்தினார். 1996இல் இலண்டனில் வாழ்ந்த குர்திய நடிகர்கள் இந்நாடகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் கையிலிருந்த பொய்த் துப்பாக்கிகளை மெய்யென எண்ணிய பொலிசார் அவர்களைக் கைதுசெய்தனர். தம் மொழியிற் பேசக்கூடாதென்றும் அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. நாடகத்தில் வரும் கட்டளை நாடகத்தை ஆட வந்தவர்மீதே பாய்ந்த விந்தை இது.

இதைத் தமிழில் ஆடுவோர் அதிகாரிகளைச் சிங்களம் பேச வைக்க ஆசைப்படுவர். நான் அதனை விரும்பேன். மூலத்தில் அதிகாரியும் முதியவளும் ஆங்கிலத்தையே பேசுகின்றனர். எந்த நாடு, எந்த இனம் என்று குறித்துவிட்டால் பார்ப்பவன் தன்னைக் குற்றமற்றவனாகக் கருதி எழுந்து போய்விடுவான். பேச்சுத் தமிழை 'இழிசனர் வழக்கு' என்று இலக்கியத்திலிருந்து ஒதுக்க முனைந்த வாதம் 1960களில் நம்முடைய ஏடுகளிலேயே நடைபெற்றது என்பதையும் மறக்கலாகாது. ஒருவருடைய மொழி மேடைக்கு உதவாது என்று சொல்பவர் எப்போதும் வேற்று மொழிக்காரராக இருக்க வேண்டுமென்பதில்லை.

ஒரு பிடி சாம்பல்

இரண்டாவது நாடகம் அமெரிக்காவைச் சேர்ந்த லின் நொட்டேஜ் எழுதியது. நாடகத்துக்கான புலிற்சர் பரிசை 2009இலும் 2017இலும் இருமுறை பெற்ற எழுத்தாளர் இவர். ஒரு பொருள் திடீரென மறையும்போது நாம் வாயால் எழுப்பும் ஓசையையே தலைப்பாகக் கொண்ட 'பூஃப்!' என்னும் இந்நாடகம், மேலே குறிப்பிட்ட லூயிவில் நகர விழாவில் 1993இல் அரங்கேறியது.

கணவனிடம் அடியும் உதையும் பட்டு வாழ்ந்த ஒருத்தி, ஒருநாள் வாய்விட்டுச் சபிக்கின்றாள். மறுகணம் அவன் எரிந்து சாம்பலாகின்றான். எஞ்சியிருப்பது சாம்பற் குவியலும் மூக்குக்கண்ணாடியும். மேல்மாடியிலிருந்து தோழி ஓடி வருகின்றாள். அவளும் கணவனிடம் அடிபடுபவளே. அந்தக் குவியலைச் சுற்றி இரு பெண்களும் பேசுவதே நாடகம். நமக்குச் சிரிப்பு வருகின்றது. சிரித்த சிறிது நேரத்திலேயே அந்தச் சிரிப்பு நம்மை உறுத்துகின்றது.

கண்ணகியின் சினத்தால் மதுரை எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பெண்ணின் சொல் நெருப்பாகும் என்ற கற்பனை புதியதன்று. ஆனால் கண்ணகி கணவனுக்காக எரித்தாள். இவளோ கணவனையே எரிக்கின்றாள். இந்த ஒரு வேடிக்கையோடு நாடகம் நின்றிருந்தால் அதனைக் கெட்டிக்காரத்தனமான துணுக்கு என்றே நான் ஒதுக்கியிருப்பேன். இதனை உயர்த்துவது தோழியின் பாத்திரம். அவளுக்கு அந்த அற்புதம் வாய்க்கவில்லை. அவள் மீண்டும் தன் வீட்டுக்கே படியேற வேண்டும். எரிந்தவனை விட, எரியாமல் மேல்மாடியில் இருப்பவனே நாடகம் முடிந்த பின்னர் நம் மனத்தில் நிற்கின்றான். பெண்கள் கல்லூரிகளில் இதனை ஆட இரண்டு கதிரைகளும் ஒரு பிடி சாம்பலும் போதும்.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

எஞ்சிய மூன்றும் ஒருவருடையவையே. 1938இல் இலண்டனிற் பிறந்த கரில் சேர்ச்சில், ஆங்கில அரங்கில் இன்று வாழும் நாடகாசிரியர்களுள் தலையாயவர் எனலாம். முதுமையில் அவர் எழுத்துச் சுருங்கச் சுருங்கக் கூர்மை பெற்று வருகின்றது.

அவருடைய 'ஏழு யூதக் குழந்தைகள்' 2009 பெப்ரவரியில் இலண்டன் றோயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. அதற்குச் சற்று முன்னர் காசாவில் நிகழ்ந்த போரைக் கண்டு எழுதிய பத்து நிமிட நாடகம் இது. ஏழு காட்சிகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெண்குழந்தை பற்றிய பேச்சு. குழந்தை மேடைக்கு வருவதில்லை. நடக்கும் கொடுமையைப் பற்றி அவளுக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று பெரியவர்கள் தம்முட் தர்க்கிக்கின்றனர். ஐரோப்பாவில் யூதர் ஒளிந்து வாழ்ந்த காலத்திலே தொடங்கும் பேச்சு காசாவில் வந்து முடிகின்றது. எந்த வரியை யார் பேசுவது என்று ஆசிரியை குறிக்கவில்லை; எத்தனை பேரும் நடிக்கலாம்.

இந்நாடகம் யூத வெறுப்பைப் பரப்புவது என்று நாவலாசிரியர் ஹவார்ட் ஜேக்கப்சன் முதலியோர் கண்டித்தனர். தாமும் யூதரான நாடகாசிரியர் டோனி குஷ்னர், அலிசா சொலமனுடன் சேர்ந்து அதனை ஆதரித்து எழுதினார். டெப் மார்கொலின் என்பவர் 'ஏழு பாலஸ்தீனக் குழந்தைகள்' என்ற குறுநாடகத்தையே மறுமொழியாகப் படைத்தார். 2022இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகர அரங்கு சேர்ச்சிலுக்கு அறிவித்த பரிசை மீளப் பெற்றபோது, இஸ்ரேலைப் பகிஷ்கரிக்கும் இயக்கத்துக்கு அவர் அளித்த ஆதரவோடு இந்நாடகமும் பேசப்பட்டது. பத்து நிமிட நாடகம் ஒன்று பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரும் விவாதத்துக்குள்ளானது அதன் வலிமைக்குச் சான்று. இதனை வகுப்பில் எடுக்கும் ஆசிரியர் கண்டனத்தையும் ஆதரவையும் சேர்த்தே மாணவர் முன் வைத்தல் வேண்டும்.

இந்நாடகத்தை நம்மவர் படிக்க வேண்டுமென நான் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது இலண்டனில் மேடையேறிய அதே 2009 பெப்ரவரியில் நமது நாட்டின் வடக்கிலே போர் உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டிற் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து உயர் வகுப்புகளுக்கு வந்துவிட்டனர். அவர்களுக்கு நாம் எதைச் சொன்னோம், எதை மறைத்தோம்? ஒரே வீட்டில் தாய் ஒன்றைச் சொல்ல, தந்தை ஒன்றை மறைக்க, பாட்டியார் வேறொன்றைச் சொல்லும் நிலை நாம் அறியாததா? சேர்ச்சிலின் நாடகம் நம் கதையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று அதனை வளைக்கவும் கூடாது. ஆயினும் அது எழுப்பும் கேள்வி நம் வாசலிலும் நிற்கின்றது.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு சோதனை காத்திருக்கின்றது. ஆங்கிலத்தில் ஒருவரைப் பார்த்து ஒன்றைச் சொல்லச் சொல்லும் ஏவலுக்கு வயதுமில்லை, மரியாதையுமில்லை. தமிழிலோ 'சொல்லு' என்பதா, 'சொல்லும்' என்பதா, 'சொல்லுங்கோ' என்பதா? யாழ்ப்பாணப் பேச்சிலே நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள்ளன. எதைத் தேர்ந்தாலும், பேசுபவர் மாமியாரா, கணவனா, தங்கையா என்பது உடனே வெளிப்பட்டுவிடும். ஆசிரியை சொல்லாது விட்டதைத் தமிழ் வினைமுற்று சொல்லிவிடும். இதனை இடையூறாகக் கருதாது பாடமாகக் கொள்ளலாம். ஒரே வரியை மூன்று விதமாகப் பேசவிட்டு, ஒவ்வொன்றிலும் உறவு எவ்வாறு மாறுகின்றது என்று மாணவரையே காணச் செய்தால், இலக்கணமும் நாடகமும் ஒருங்கே கற்பிக்கப்படும்.

மணிகளும் மாலையும்

'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்' என்னும் 'அன்பும் தகவலும்' 2012இல் வெளிவந்தது. முழுமையாய் நோக்கின் இது நீண்ட நாடகமே. ஆனால் ஐம்பதுக்கு மேற்பட்ட குறுங்காட்சிகளால் ஆனது. நூற்றுக்கு மேற்பட்ட பாத்திரங்கள். ஒருவருக்கும் பெயர் குறிக்கப்படவில்லை. சில காட்சிகள் ஒரு நிமிடமும் நில்லா. பகுதிகளின் வரிசையை மாற்றலாகாது. ஒரு பகுதிக்குள் வரும் காட்சிகளை விரும்பிய வரிசையில் ஆடலாம்.

ஒரு காட்சியில் ஒருவர் தம் இரகசியத்தைச் சொல்ல மறுக்கின்றார்; மற்றவர் விடாது வற்புறுத்துகின்றார்; ஈற்றில் அது காதோடு சொல்லப்படுகின்றது. நமக்குக் கேட்பதில்லை. கேட்டவர் முகத்தை மட்டுமே காண்கின்றோம். இன்னொன்றில் ஒரு பெண், தன்னைத் தமக்கையென எண்ணியிருக்கும் சிறுமியிடம், தானே அவளுடைய தாய் என்று கூறுகின்றாள். கைத்தொலைபேசி வழியே நாள் முழுதும் தகவல் வந்து குவியும் காலத்தில், ஒன்றை அறிந்துகொள்ளுதலுக்கும் ஒருவரை அறிந்துகொள்ளுதலுக்கும் உள்ள தூரத்தை இந்நாடகம் அளக்கின்றது.

பெயரற்ற குரல்கள் பேசுவது நம் அரங்குக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' முதலிய நாடகங்களிலே, தனி மனிதரின் பேச்சு குழுவின் பேச்சாகப் பெருகுவதை நாம் கண்டிருக்கின்றோம். அங்கே குழு ஒன்றுசேர்ந்து பேசும். சேர்ச்சிலிடம் ஒவ்வொருவரும் தனித்தனியே துண்டுபட்டுப் பேசுவர். நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் நல்லதொரு கட்டுரை கிடைக்கும்.

ஐந்தாவது, 2021இல் றோயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய 'வட் இஃப் இஃப் ஒன்லி'. 'இப்படியாயின், இப்படி மட்டுமாயின்' என்று அதன் பொருளைச் சொல்லலாம். ஏறக்குறைய இருபது நிமிட நாடகம். அன்புக்குரியவரை இழந்த ஒருவர் தனியே மேசையருகே அமர்ந்து, இறந்தவரோடு பேச முயல்கின்றார். ஓர் ஆவி வருகின்றது. அது இறந்தவரின் ஆவியன்று. நிகழாமற் போன ஓர் எதிர்காலத்தின் ஆவி! தன்னை நிகழச் செய்யுமாறு அது இரக்கின்றது. பின்னர் நிகழக்கூடிய எதிர்காலங்கள் கூட்டமாய் வருகின்றன. இறுதியில் ஒரு குழந்தையாக எதிர்காலம் வந்து, தான் நிகழ்ந்தே தீர்வதாய் அடம்பிடிக்கின்றது. துயரத்தைப் பற்றி எத்தனையோ நாடகங்கள் உள. துயரப்படுபவர் இழப்பது இறந்தவரை மட்டுமன்று, அவரோடு வாழ்ந்திருக்கக்கூடிய காலத்தையுமே என்ற உண்மையை இவ்வளவு குறைந்த சொற்களில் உரைத்த நாடகத்தை நான் வேறு கண்டதில்லை. இறந்தவர் தற்கொலை செய்துகொண்டவர் என்பதால், இதனைச் சிறு வகுப்புகளுக்குக் கொடாது முதிர்ந்த மாணவருக்கு மட்டும் கொடுத்தல் பொருத்தம்.

சில எச்சரிக்கைகள்

குறுநாடகமெல்லாம் நன்று என்பது என் கட்சியன்று. பத்து நிமிடம் என்ற எல்லை சோம்பலுக்கும் இடந்தரும். ஒரு திடுக்கிடலை இறுதியில் வைத்துவிட்டு நாடகம் எழுதிவிட்டதாய்த் திருப்தியடைவோர் எந்த நாட்டிலும் உளர். இரண்டாம் முறை படிக்கும்போது, முடிவு தெரிந்திருந்தும் நாடகம் நம்மைப் பிடித்து வைக்கின்றதா என்பதே நான் கைக்கொள்ளும் அளவுகோல். மேலே சொன்ன ஐந்தும் அதில் தேறியவை.

உரிமை பற்றியும் ஒரு சொல். 'ஏழு யூதக் குழந்தைகள்' நாடகத்தைக் கட்டணமின்றி ஆடலாம். ஆனால் நுழைவுச்சீட்டு விற்காது, பாலஸ்தீனருக்கு மருத்துவ உதவி வழங்கும் குறித்த அமைப்புக்குப் பார்வையாளரிடம் நிதி சேர்க்க வேண்டும் என்பது ஆசிரியை விதித்த நிபந்தனை. ஏனையவற்றை மொழிபெயர்த்து மேடையேற்ற உரியவரிடம் அநுமதி பெறுதல் கடன். பிறருடைய உழைப்பைக் கேளாது எடுத்தல் நாடகக் கலையை வளர்க்காது. வகுப்பறையில் வாசித்து ஆராய்வதிலிருந்து தொடங்கலாம். மேடை பின்னர் வரட்டும்.

யாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நம் பாடசாலை நாடகங்களிற் பல, இறுதியில் ஒருவர் முன்னே வந்து நீதியை எடுத்துரைக்க, கைதட்டலோடு முடிகின்றன. போட்டி நடுவர்களும் கருத்து தெளிவாக இருந்தது என்று புள்ளியிடுகின்றனர். இந்நாடகங்களுக்கு அத்தகைய வால் ஒட்டினால் அவை அக்கணமே இறந்துபடும். மலைமொழிக் கிழவியின் மௌனத்துக்கு உரை எழுதவேண்டாம். மேல்மாடிக்குப் போகும் தோழிக்குப் புத்தி சொல்லவேண்டாம். குழந்தைக்கு எதைச் சொல்வதென்று நாமே தீர்ப்பு வழங்கவும் வேண்டாம். திரை விழுந்த பின்னர் மாணவர் வீடு செல்லும் வழியில் ஒருவரோடொருவர் வாதாடட்டும். ஒரு வரியை யார் பேசுவது, எந்தத் தொனியிற் பேசுவது, எங்கே பேசாதிருப்பது என்பவற்றைத் தாமே தீர்மானித்த மாணவன், நாடகத்தை மட்டுமன்றி வாழ்க்கையிலும் தனக்குச் சொல்லப்படுவனவற்றை நிறுத்துப் பார்க்கப் பழகுவான்.

இவ்வைந்தில் ஒன்றையேனும் இத்தவணையில் ஒரு வகுப்பு வாசிக்குமாயின் இக்கட்டுரை பயன்பெற்றதாகும். வாசித்த மாணவருள் ஒருவர், தம் வீட்டில் இதுவரை சொல்லாது விடப்பட்ட ஒன்றைப் பற்றித் தாமே பத்து நிமிட நாடகமொன்றை எழுத முற்படுவாராயின், அதனைப் படிக்க முதலில் வரிசையில் நிற்பவன் நானாயிருப்பேன்.